ஈ சொல்லாத சேதி

அந்தக் காலத்தில் ஈக்கும் குளவிக்கும் வாசலில் நின்று யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியிருக்கவில்லை. மனிதர்கள் சோறு தின்ற இடத்தில் அவையும் உட்கார்ந்தன. மனிதர்கள் பேசினால் அவையும் கூடப் பேசின. குளவிக்குக் கொடுக்கு கிடையாது. ஈயின் கால்களோ அப்போதுதான் கழுவி வைத்த மாதிரி இருக்கும். நிலையில் வேப்பிலை செருகி, சட்டிக்கு மேல் சட்டி கவிழ்த்து, ஓலை விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் இன்றைய மனிதர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கதையைக் கேட்டு முடித்தபின் சிரிக்கத் தோன்றினால் அப்போதும் சிரிக்கட்டும்.

செம்மணல் மேடான தேரியின் ஓரத்தில் ஒரு பனைவிளை இருந்தது. நாற்பது பனைகள், சுற்றிலும் உடைமுள் வேலி, ஓலை வேய்ந்த ஒரு வீடு. பொன்னுலிங்கம் பனை ஏறிப் பதநீர் இறக்குவான். அவன் மனைவி செல்லக்கனி அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவாள். காய்ச்சும் கொட்டகை வீட்டுக்கு அருகில் இல்லை. தீப்பொறி பறந்து கூரையில் விழுந்துவிடும் என்பதால் அதை விளையின் அந்தக் கோடியில் போட்டிருந்தார்கள். வீட்டில் நின்று கத்தினால் கொட்டகையில் கேட்காது.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துத்தான் அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. பவளம் என்று பெயர் வைத்தார்கள். பதினோரு வருஷமும் ஊர் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் என்பதால், செல்லக்கனி குழந்தையைக் கையிலிருந்து கீழே இறக்கிய நேரம் குறைவு. ஆனால் பங்குனி பிறந்ததும் பாளைகள் சுரக்கத் தொடங்கின. பதநீர் யாருக்காகவும் காத்திருக்காது. வெயில் ஏறுவதற்குள் அடுப்பில் ஏற்றாவிட்டால் புளித்துப் போகும். கொட்டகைக்குள் புகையும் அனலும். அங்கே ஐந்துமாதக் குழந்தையைக் கொண்டுபோய்க் கிடத்த முடியுமா? அவள் வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது குளவி வந்தது.

"அக்கா, நீ கொட்டகைக்குப் போ. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

"ஒனக்கு எதுக்குளா இந்தப் பாடு?"

"எனக்கும் ஒரு காரியம் ஆகணும்," என்றது குளவி. "மூணு வருசமா நான் இட்ட முட்டை ஒண்ணும் தங்கல. மரத்துல வச்சா ஓணான், சுவத்துல வச்சா பல்லி, தரையில வச்சா எறும்பு. ஒன் வீட்டு உத்தரத்துல வச்சிக்கிடட்டுமா? போக வர நீ ஒரு கண்ணு பாத்துக்கிட்டாப் போதும்."

செல்லக்கனி உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "வச்சிக்கோ," என்றாள். "பிள்ளை தங்காத வீட்டோட பாடு எனக்குத் தெரியாதா? ஒன் பிள்ளைய நான் பாக்கேன். என் பிள்ளைய நீ பாரு."

அப்படித்தான் அந்த ஒப்பந்தம் ஆயிற்று. குளவி உத்தரத்தில் ஏழு முட்டை வைத்தது. சாமை அரிசி அளவுதான் இருக்கும் ஒவ்வொன்றும். செல்லக்கனி காலையில் எழுந்ததும் வாரியல் என்கிற விளக்குமாற்றை எடுத்து உத்தரத்தைச் சுற்றித் தட்டிப் பல்லிகளை விரட்டுவாள். எறும்பு ஏறாமல் தூணைச் சுற்றிச் சாம்பல் போடுவாள். அவள் போனபிறகு குளவி தொட்டிலின் கயிற்றில் உட்கார்ந்துகொண்டு ரீங்காரம் இடும். அந்தச் சத்தம் கேட்டால்தான் பவளம் தூங்கும். தாயின் தாலாட்டைக்கூட அவள் அவ்வளவாகச் சட்டை செய்ததில்லை. செல்லக்கனிக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான்.

வீட்டுக்கும் கொட்டகைக்கும் இடையே சேதி கொண்டுபோவது ஈயின் வேலை. பிள்ளை முழித்துவிட்டது, பிள்ளைக்குப் பசி என்று குளவி சொன்னால், கண் மூடித் திறப்பதற்குள் ஈ கொட்டகையில் நிற்கும். செல்லக்கனியை அது அண்ணி முறை வைத்து மயினி என்று அழைத்து, கேட்காமலே தன்னைக் கொழுந்தன் ஆக்கிக்கொண்டது. வாய் ஓயாது. ஆனால் நல்ல பிள்ளை. சொன்ன வேலையைச் செய்யும். பாகென்றால் கொஞ்சம் நாக்கு நீளம், அவ்வளவுதான்.

இப்போது அந்த விளைக்காரர்களுடைய ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பதநீர் கொதித்து, நுரை அடங்கி, கூழாகிப் பாகாகத் திரும்பும் நேரத்தில் அடுப்படியில் கெட்ட சொல் விழக்கூடாது. நோவு, சாவு, சண்டை, இல்லை, போச்சு, எதுவும் ஆகாது. விழுந்தால் பாகு முறிந்துபோகும், தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினால் உறையாமல் சேறாகக் கிடக்கும் என்று நம்பினார்கள். அதனால் பாகு திரும்பத் தொடங்கியதும் காய்ச்சுகிறவள் பாகு கிண்டும் துடுப்பால் சட்டியின் விளிம்பில் மூன்று தட்டுத் தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சிரட்டைகளில் ஊற்றி முடித்த பிறகுதான் பேச்சு.

பருவம் தொடங்கிய புதிதில் ஒருநாள், துடுப்புத் தட்டியதைக் கவனிக்காமல் ஈ, "மயினி, குடத்துல தண்ணி இல்ல," என்று சொல்லிவிட்டது. அன்றைக்குப் பாகு முறிந்தது. அடுப்பு அதிகமாக எரிந்ததால் முறிந்ததோ என்னவோ, பழி ஈயின் தலையில் விழுந்தது. பொன்னுலிங்கம் இருபது பனை ஏறி இறக்கிய பதநீர் அத்தனையும் மண்ணுக்குப் போயிற்று. செல்லக்கனிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"ஏல, நல்லாக் கேட்டுக்கோ," என்றாள். "ஊரே இடிஞ்சு விழுந்தாலும் சரி, நான் துடுப்புத் தட்டினதுக்கு அப்புறம் நீ வாயத் தொறக்கக் கூடாது. கேட்டியா?"

"கேட்டேன் மயினி," என்றது ஈ. அதற்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

சித்திரை மாதத்தில் ஒரு காலை. பொன்னுலிங்கம் விடியும்போதே மரமேறப் போய்விட்டான். செல்லக்கனி குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுத் தொட்டிலில் போடும்போது அதன் நெற்றி லேசாகச் சுட்டது. சித்திரை வெயிலுக்கு எல்லார் நெற்றியும்தான் சுடும் என்று நினைத்தாள். வாரியலால் உத்தரத்தைத் தட்டிவிட்டு, "பாத்துக்கோளா," என்று குளவியிடம் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

வெயில் பனை உயரம் ஏறியபோது குழந்தையின் உடம்பு கொதிக்கத் தொடங்கியது. முகம் சிவந்து, கண்கள் பாதி மூடிக் கிடந்தன. அழுகைகூட வரவில்லை. அதைக் கண்டுதான் குளவி பயந்தது. அது தொட்டிலுக்குள் இறங்கி, குழந்தையின் முகத்துக்கு நேராக இறக்கைகளால் விசிறிக்கொண்டே ஈயைக் கூப்பிட்டது.

"ஓடிப்போய் அக்காட்ட சொல்லு. பிள்ளைக்கு ஒடம்பு அனலாக் கொதிக்கி. கையில இருக்கத அப்படியே போட்டுட்டு வரச் சொல்லு. நான் விசிறத நிப்பாட்டினா பிள்ளைக்கு மூச்சு முட்டுது. என்னால அங்க இங்க நகர முடியாது. நீதான் போணும்."

ஈ பறந்தது. அன்றைக்கு அது பறந்ததைப்போல் அதற்கு முன்னும் பறந்ததில்லை, பின்னும் பறந்ததில்லை. இதை யார் மறுத்தாலும் நான் மறுக்க மாட்டேன். கொட்டகைக்குள் நுழைந்தது. "மயினி" என்று சொல்ல வாயைத் திறந்தது.

சட்டியின் விளிம்பில் துடுப்பு மூன்று தட்டுத் தட்டியது.

ஈ வாயை மூடிக்கொண்டது. காய்ச்சல், கொதிக்கிறது, மூச்சு முட்டுகிறது. அதனிடம் இருந்த அத்தனையும் கெட்ட சொற்கள். ஊரே இடிந்து விழுந்தாலும் என்று மயினி சொன்னது நினைவுக்கு வந்தது. செல்லக்கனி நிமிர்ந்து பார்த்தாள். பாகு பொன்னிறமாகத் திரும்பிக்கொண்டிருந்தது, அவளுக்கு அன்றைக்கு நல்ல மனநிலை. பாகு வாசத்துக்குத்தான் இது வந்திருக்கிறது என்று நினைத்து, சிரித்துக்கொண்டே, பொறு என்று கையைக் காட்டினாள். பிறகு துடுப்பிலிருந்து ஒரு சொட்டை ஓலைத் துண்டில் விட்டு ஈயின் பக்கம் தள்ளிவைத்தாள்.

கொஞ்ச நேரம்தானே என்று ஈ நினைத்தது. ஊற்றி முடித்ததும் சொல்லிவிடலாம். அதுவரைக்கும் சும்மா நிற்பதற்கு ஒரு வாய் நக்கினால் என்ன? தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று கேட்பார்கள். நக்குவதில் தப்பில்லை. ஆனால் எந்த நேரத்தில் என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஈ முன்னங்கால் இரண்டையும் பாகில் ஊன்றிக்கொண்டு குனிந்தது.

செல்லக்கனி முதல் ஈட்டுப் பாகைச் சிரட்டைகளில் ஊற்றி முடித்து, சட்டியைச் சுரண்டிவைத்தாள். அடுத்த ஈட்டுப் பதநீரைப் பொன்னுலிங்கம் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனான். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் சொட்டு ஆறி இறுகியிருந்தது. ஈயின் கால்கள் அதில் ஒட்டிக்கொண்டன. சொல்ல வந்ததை விட்டுவிட்டு இழுத்து இழுத்துப் பார்த்தது. விடுபட்டபோது அதற்கு வேறொரு பயம் வந்தது. இப்போது சொன்னால், இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று மயினி கேட்பாள். கால் முழுக்கப் பாகை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வது? கால்களை முதலில் துடைத்துக்கொள்வோம் என்று அது முன்னங்கால்களை ஒன்றோடொன்று தேய்த்தது. தேய்த்துக்கொண்டே இருந்தது. அதற்குள் துடுப்பு மறுபடியும் மூன்று தட்டுத் தட்டிவிட்டது.

வீட்டில் குளவி விசிறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நிழலும் வாசலில் விழும்போது அக்கா வந்துவிட்டாள் என்று திரும்பிப் பார்த்தது. காற்றுக்கு ஆடிய ஓலையின் நிழல், ஒரு காக்கையின் நிழல். உச்சி வெயிலில் குழந்தையின் கையும் காலும் ஒருமுறை இழுத்தன. பிறகு இழுக்கவில்லை. குளவிக்கு அது புரிந்தது. புரிந்தும் விசிறுவதை நிறுத்த அதற்கு மனம் வரவில்லை.

அன்றைக்குக் கருப்பட்டி நன்றாக உறைந்திருந்தது. செல்லக்கனி ஒரு சின்னச் சிரட்டை நிறையப் பொடிக் கருப்பட்டியை எடுத்துக்கொண்டாள். பவளத்துக்கு நாக்கில் தொட்டு வைக்க வேண்டும், ஆறுமாதம் ஆகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஈ அவளுக்குப் பின்னால் ஒன்றும் பேசாமல் வந்தது. தொட்டிலுக்குள் கையை விட்டவள் கையை வெளியே எடுக்கவில்லை.

அவள் கத்தினாள் என்றும் கத்தவில்லை என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். கத்தவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பதினோரு வருஷம் கேட்டு வாங்கிய ஒன்று ஒரு காலைப் பொழுதில் போய்விட்டால், கத்துவதற்கு முதலில் மூச்சு வேண்டுமே.

"என்னளா ஆச்சு?" என்று குளவியைக் கேட்டாள். மிகவும் மெல்லத்தான் கேட்டாள்.

"காய்ச்சல் அக்கா. திடீர்னு ஏறிட்டு."

"எனக்கு ஏன் சொல்லி அனுப்பல?"

குளவி தலையை உயர்த்தியது. "அனுப்பினேனே. அப்பவே அனுப்பினேனே. ஈட்ட சொல்லிவிட்டேன். நீ வருவ வருவன்னுதான்..."

செல்லக்கனி ஈயைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஈயால் தாங்க முடியவில்லை. நிற்கவும் முடியாமல் பறக்கவும் முடியாமல் நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டு, "என்ட்ட ஒண்ணும் சொல்லல மயினி," என்றது.

ஒரு வரிதான் சொன்னது. ஆனால் ஒருமுறை வெளியே வந்த பிறகு அந்த வரியை உள்ளே எடுத்துப் போட யாராலும் முடியவில்லை.

குளவிக்குப் பேச்சே எழவில்லை. அது பேசாமல் நின்றதைச் செல்லக்கனி வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அவளுக்கு அந்த நிமிஷத்தில் அதுதான் தோன்றியது. "ஒன் பிள்ளை பத்திரமா இருக்கு," என்றாள். "ஏழும் இருக்கு. நான் ஒரு நாள் தவறாம பாத்தேன். பல்லிய அண்டவிடல, எறும்ப அண்டவிடல. என் ஒண்ண ஒன்னால பாக்க முடியலயா?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. துக்கத்தில் இருப்பவளுக்கு அந்த மட்டும் கிடையாது. அவள் மூலையில் இருந்த வாரியலை எடுத்தாள். தினமும் பல்லியை விரட்டிய அதே வாரியல்தான். குளவி "அக்கா" என்றது. செல்லக்கனி உத்தரத்தை ஒரே வீச்சில் வழித்துத் தள்ளினாள். ஏழு முட்டைகளும் தரையில் விழுந்தன. காய்ந்த மண்தரை. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பொன்னுலிங்கம் மரமெல்லாம் இறங்கி, தோளில் கலயத்தோடு வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். வந்தவன் தொட்டிலையும் தரையையும் பார்த்தான். செல்லக்கனி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, குளவி சேதி அனுப்பவில்லை, ஈயிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று அவனிடம் சொன்னாள். அவன் குழந்தையின் காலைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு, "ஈ கொட்டகையிலல்லா இருந்துச்சு," என்றான்.

"எப்ப?"

"ரெண்டாம் ஈடு பதநீர் கொண்டாந்து ஊத்திட்டுப் போனேம்லா, அப்ப. ஓலைத் துண்டுல உக்காந்து கையத் தேச்சுக்கிட்டு இருந்துச்சு. சேதி ஒண்ணும் இல்லைன்னா அது எதுக்கு அங்க வந்துச்சு?"

துக்கத்தில் மறந்தே போயிருந்த அந்த ஓலைத் துண்டு செல்லக்கனிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தான் விட்ட சொட்டு நினைவுக்கு வந்தது. அவள் எழுந்துபோய் நிலைப்படியில் குனிந்து ஈயின் கால்களைப் பார்த்தாள். கால்களில் பாகு இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

"குளவி ஒன்ட்ட சொல்லிவிட்டாளால?"

ஈ தலையைக் குனிந்துகொண்டது. "சொல்லிவிட்டா மயினி. நான் வந்தப்ப நீங்க துடுப்புத் தட்டிட்டீங்க. கெட்ட சொல்லு சொல்லக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? பொறுன்னு கையக் காட்டினீங்க. பொறுத்தேன். அப்புறம் பயந்துட்டேன்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. முன்பு சொன்ன ஒரு வரியைத் தவிர ஈ அன்றைக்குச் சொன்னதெல்லாம் உண்மை. செல்லக்கனிக்கு ஈயை அடிக்கக் கை எழவில்லை. யாரை அடிப்பது? வாயைத் திறக்காதே என்று சொன்னவள் அவள். பொறு என்று கை காட்டியவள் அவள். பாகை வைத்துக் காலைக் கட்டிப்போட்டவளும் அவள்தான். உத்தரத்தை வழித்ததும் அதே கைதான்.

பொன்னுலிங்கத்துக்குக் கை எழுந்தது. அவன் வாசல் வேம்பில் ஒரு கொப்பை ஒடித்து ஈயை வீட்டை விட்டு அடித்து விரட்டினான். "வாசல மிதிச்சிராத," என்றான். "பயத்துல சொன்ன ஒரு பொய்யில ரெண்டு வீடு வெறிச்சுப் போச்சு. இனி ஒனக்கு இங்க இடமில்ல." அந்தக் கொப்பை அப்படியே நிலையில் செருகிவைத்தான். ஈ வேலிவரைக்கும் போயிற்று, திரும்பி வந்தது. அவன் விரட்டினான். மறுபடியும் வந்தது.

குளவி அதற்குள் உடைமுள் வேலிக்குப் போயிருந்தது. அங்கே இருந்ததிலேயே கூரான ஒரு முள்ளை ஒடித்துத் தன் உடம்பின் கடைசியில் செருகிக்கொண்டது. வலித்திருக்கும். அது பொருட்படுத்தவில்லை. திரும்பி வந்து செல்லக்கனியின் முகத்துக்கு நேராக நின்றது. பொன்னுலிங்கம் குறுக்கே வரப் பார்த்தான். அவள் அவனைத் தடுத்தாள். வலது கையை நீட்டி, "இந்தக் கைதான்," என்றாள்.

குளவி கொட்டியது. கை மணிக்கட்டுவரை சிவந்து வீங்கியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கொட்டிய பிறகு குளவியின் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அது அதே கையில் உட்கார்ந்து அழுதது.

"வலிக்கா அக்கா?"

"வலிக்கணும்ளா," என்றாள் செல்லக்கனி.

பால் மணம் மாறாத பிள்ளைகளைப் பானையில் வைத்துப் புதைப்பது அந்தக் காலத்து வழக்கம். தேரி மணல் ஒட்டாது என்பதால் பொன்னுலிங்கம் குளத்துக்குப் போய்க் களிமண் கொண்டுவந்தான். செல்லக்கனி புதுப்பானை ஒன்றில் பவளத்தைக் காலை மடக்கிக் கிடத்தினாள். தொட்டிலில் தூங்குவதும் அப்படித்தான். பக்கத்தில் ஒரு சங்கு பாலும், நாக்கில் தொட்டு வைக்கக் கொண்டுவந்த கருப்பட்டியும் வைத்தாள். பிறகு வீங்கிய கையால் களிமண்ணைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிசைந்து, பானையின் வாயைச் சுற்றிலும் வைத்து வைத்து மூடினாள். குளவி பானையின் தோளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"இனி இதுக்குள்ள எறும்பு வராதா?" என்று கேட்டது.

"வராது."

"பல்லி?"

"வராது."

"ஈ?"

"ஒண்ணும் வராதுளா. யாரும் தொட முடியாது." அப்படிச் சொன்ன பிறகுதான் செல்லக்கனிக்கு அழுகை வந்தது. குளவி அவளை அழவிட்டுவிட்டு, மீந்த களிமண்ணில் ஒரு சிறு உருண்டையை வாயில் கவ்விக்கொண்டது.

வேலியோரம் குழி மூடிய பிறகு குளவி விடைபெற வந்தது. "நான் இனி ஒன் வீட்ல இருக்க முடியாது அக்கா," என்றது. "ஒன்னப் பாத்தா எனக்கு ஏழும் நெனப்பு வரும். என்னப் பாத்தா ஒனக்குத் தொட்டில் நெனப்பு வரும். ஆனா முட்டை வைக்க எனக்கு வேற இடம் தெரியாது. வைக்க மட்டும் வாரேன். யாரையும் காவலுக்குக் கூப்பிட மாட்டேன்."

"வா," என்றாள் செல்லக்கனி. "இந்த வீட்ல எவளும் இனி அதத் தொடமாட்டா."

அதன்பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒருவருக்கொருவர் பேசாத வீட்டில் பேச்சு எத்தனை நாள் நிற்கும்? குளவியிடம் ரீங்காரம் மட்டும் மிஞ்சியது. ஈயிடம் அதுவும் சரியாக மிஞ்சவில்லை.

அந்தச் சித்திரையிலிருந்துதான் குளவி கொடுக்கோடு திரிகிறது. அதைக் கண்டால் நாம் விலகி ஓடுகிறோம், விளக்குமாற்றை ஓங்குகிறோம். ஆனாலும் அது குளத்து மண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து வீட்டு மூலையில் குட்டிப் பானை செய்கிறது. உள்ளே முட்டையை வைத்து, தான் கூட இருக்கப் போவதில்லை என்பதால் பிள்ளைக்கு வேண்டிய இரையையும் வைத்து, வாயை மூடிவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுகிறது. தன் பிள்ளையின் முகத்தை எந்தக் குளவியும் பார்த்ததில்லை. கொட்டிவிடுமே என்று குளவியை விரட்டுகிற பெண்களும், அந்த மண்கூட்டை உடைக்க மட்டும் விடமாட்டார்கள். பிள்ளை வெளியேறிக் கூட்டில் ஓட்டை விழும்வரை பொறுங்கள் என்பார்கள். அது வந்தால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்றும் சொல்வார்கள்.

ஈக்கு அந்தப் பாகு இன்னும் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலெல்லாம் முன்னங்கால்களைத் தேய்க்கிறது. குப்பையில் தேய்க்கிறது, சாணத்தில் தேய்க்கிறது, புண்ணில் தேய்க்கிறது. அதனாலேயே அது கால் வைத்த சோறு ஆகாது என்று ஆயிற்று. நாமும் நிலையில் வேப்பிலை செருகி, சட்டிகளை மூடி, வாசலைக் கூட்டி மெழுகி அதை வெளியே நிறுத்தப் பார்க்கிறோம். செய்ய வேண்டியதுதான். அதன் காலில் இப்போது பாகு மட்டும் இல்லை, நோயும் இருக்கிறது. ஆனால் எத்தனை தடவை விரட்டினாலும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. காய்ச்சலில் பிள்ளை கிடக்கும் வீட்டுக்கு எல்லாருக்கும் முன்னால் ஈதான் வந்து சேர்கிறது. பிள்ளையின் முகத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நேராகத் தாயின் காதுக்குப் போகிறது. அன்று முதல் அது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது, ஒரு சொல்லும் வெளியே வருவதில்லை. அவள் பிள்ளையின் மேலிருந்து கண்ணை எடுக்காமல், கையை வீசி அதை விரட்டுகிறாள்.